இடது மரை

1962 ஏப்ரல் 14 — 78 டாலர்
1963 அக்டோபர் 5 — 65 டாலர்
1964 மார்ச் 21 — 40 டாலர்
1968 ஜூன் 8 — 35 டாலர்
1973 செப்டம்பர் 1 — 25 டாலர்
1977 நவம்பர் 12 — 95 டாலர்

ஒரே ரிவால்வர் ஆறு தடவை விலைபோன நாட்களும் தொகைகளும் இவை. முதல் தடவை, புதிதாக இருந்தபோது, கடையில் நின்று அதை விற்றவள் ஓப்பல் ட்வெய்ட். கடைசித் தடவை அதை வாங்கியவளும் அவள்தான். ஐந்து தடவை இறங்கிக்கொண்டே வந்த விலை ஆறாம் தடவை ஏன் அப்படி எகிறியது என்று ஸ்டோவர் ஊரில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஓப்பல் பிறந்தது 1921இல், மொன்டானாவின் கிழக்கே, காற்றைத் தவிர வேறொன்றும் ஒழுங்காக வந்து சேராத ஒரு கோதுமை நிலத்தில். போர்க்காலத்தில் யூட்டாவுக்குப் போய் ஓர் ஆயுதக் கிடங்கில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். களத்திலிருந்து திரும்பும் ரிவால்வர்கள் அவள் மேசைக்கு வரும். அவளுக்கு முன்னால் மூன்று பெட்டிகள். மறுபடி களத்துக்குப் போவது ஒன்றில், பழுது பார்க்கப் போவது ஒன்றில், உருக்கப் போவது ஒன்றில். தவறான பெட்டியில் போட்டால் எங்கோ ஒருவன் செத்துப்போவான் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போர் முடிந்து ஸ்டோவருக்கு வந்தவள் நோர்டால் இரும்புக்கடையின் துப்பாக்கிப் பிரிவில் முப்பது வருடம் நின்றாள். முடி வெட்டும் ஹார்லன் ட்வெய்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைகள் இல்லை. அந்த வட்டாரத்தில் யாராவது பழைய கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று வாயெடுத்தால், கேட்பவர் முதலில் சொல்வது, "ஓப்பல்கிட்ட காட்டினியா?" என்பதுதான். பார்ப்பதற்கு அவள் காசு வாங்குவதில்லை. ஒரு காப்பி வாங்கிக்கொள்வாள். துப்பாக்கிச் சந்தை நடக்கும் மண்டபத்துக்குள் அவள் நுழைவதைப் பார்த்ததும் மேசையிலிருந்து ஒன்றிரண்டைத் துண்டுக்கு அடியில் தள்ளுகிறவர்களும் இருந்தார்கள்.

பளபளப்பை அவள் பார்க்கவே மாட்டாள். பளபளப்பு அதிகமாக இருந்தால் கம்பெனி எழுத்துகளின் ஓரத்தை நகத்தால் தடவுவாள். ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்துப் புதுச்சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் திருகுகள். திருகின் தலையிலுள்ள பள்ளம் சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே புகுந்து வந்திருக்கிறது. ஒரு தடவை பக்கத்து மாவட்டக் காவலர் ஒருவர் பெருமையாக ஒன்றைக் கொண்டுவந்தார். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். ஓப்பல் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, டிரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் சுத்தியலை முன்னுக்கு அழுத்தினாள். டக்கென்று விழுந்தது.

"இதை இடுப்புல சொருகாதீங்க. உங்க வீட்டுல வருத்தப்படுவாங்க" என்றாள்.

அந்தக் காவலர் சிவந்த முகத்தோடு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவு பேர் துப்பாக்கியைப் பார்த்துச் சொன்னவள் சொந்த வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பதினான்கு வருடம் வாய் திறக்க முடியாமல் இருந்தாள். அது அவளுக்கு ஒரு முள்.

1963 அக்டோபரில் ஓப்பல் ஊரில் இல்லை. அக்காவின் அறுவை சிகிச்சைக்காக பில்லிங்ஸ் போயிருந்தாள். அந்த நேரத்தில் ஹார்லன், முந்தின வருடம் ஓப்பலிடமே வாங்கி முடிவெட்டும் கடையின் இழுப்பறையில் போட்டு வைத்திருந்த தன் ரிவால்வரை எமட் கில்லக்குக்கு விற்றான். எமட் தொலைபேசிக் கம்பம் ஏறுகிறவன், ஹார்லனோடு மீன் பிடிக்கப் போகிறவன். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்தபடியே விலை பேசி அறுபத்தைந்து டாலர் கொடுத்தான். லாரிக்குப் புது டயர் போட ஹார்லனுக்குப் பணம் தேவைப்பட்டது. அவ்வளவுதான் கதை.

பனிக்காலம் முடிவதற்குள் எமட் திரும்பி வந்தான். நாலு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்க, சீப்புகளுக்கு நடுவில் அந்த ரிவால்வரை வைத்தான்.

"தொறந்து பாரு. தோட்டா போடுற சிலிண்டர் வெளியே வர மாட்டேங்குது. வந்தாலும் சுத்த மாட்டேங்குது."

"வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு எமட்."

"ஜூலையில ஆத்துக்கிட்ட லாரியிலேருந்து இது கீழே விழுந்துச்சா இல்லையா? நான் பக்கத்துல நின்னேன்."

"விழுந்தது உண்மைதான். ஆனா..."

"சிலிண்டரைத் தாங்குற கை வளைஞ்சிருக்கு. உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என் தலையில கட்டினே."

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான் ஹார்லன். வேண்டாம் என்றான் எமட். ஓப்பல் வரட்டும், அவள் பார்த்துச் சொல்லட்டும் என்றான் ஹார்லன். அப்போதுதான் எமட் அதைச் சொன்னான்.

"உன் பொண்டாட்டி உன் பக்கம்தான் பேசுவா."

மார்ச்சில் அதை யாரோ ஒரு கால்நடை வியாபாரிக்கு நாற்பதுக்குத் தள்ளிவிட்டு, இருபத்தைந்து டாலர் நட்டத்தை ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தான். அதற்குப் பிறகு ஹார்லனின் நாற்காலியில் அவன் உட்காரவில்லை. முடி வெட்ட நாற்பது மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போனான். பனிப்புயல் அடித்தாலும் போனான். 1972இல் மகளோடு இருக்க அரிசோனாவில் யூமாவுக்குக் குடிபெயர்ந்தபோது வழியனுப்ப ஹார்லன் போகவில்லை. கடை வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தான்.

ஹார்லன் பொய் சொல்கிறவன் இல்லை என்று ஓப்பலுக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கி விழுந்தது உண்மை. அப்படி விழுந்தால் அந்தக் கை வளையும் என்பதும் அவளுக்குத் தெரிந்த உண்மை. வளைந்தது தெரியாமல் விற்றானா, தெரிந்து விற்றானா? அதை அவள் கேட்கவே இல்லை. கேட்டால், சந்தேகப்பட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். துப்பாக்கி கையில் இருந்தால் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். அதுதான் எங்கோ போய்விட்டதே.

1977 நவம்பரில் மாவட்டச் சந்தை மண்டபத்தில் துப்பாக்கிச் சந்தை நடந்தது. ஓப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹார்லன் நேராகச் சாப்பாட்டு ஜன்னலுக்குப் போய் ஒரு கிண்ணம் சில்லி இறைச்சிக் குழம்பும் ஒரு துண்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டான். ஓப்பல் மேசை மேசையாக நடந்தாள். லொனி ஸ்ட்ரூப் என்ற லாரிக்காரரின் மேசையில் நரிப்பொறிகளுக்கும் கத்திகளுக்கும் பக்கத்தில், ஒரு துண்டின் மேல் அது கிடந்தது.

கைப்பிடியின் இடப்பக்க மரத்தில் வெளிறிய கறை. முடித் தைலக் குப்பி இழுப்பறையில் கவிழ்ந்து ஊறிய கறை. அதைத் துடைத்தவள் அவள்தான்.

"பாக்கலாமா?"

"பாக்குறதுக்குக் காசு இல்லம்மா. வாங்குறதுக்கு நாப்பத்தஞ்சு. முன்னாடியே சொல்லிடுறேன், இது கொஞ்சம் மொரண்டு. என் முதல் பொண்டாட்டி மாதிரி. கெஞ்சினாத்தான் தொறக்கும்."

"அந்தம்மாகிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். லொனியும் சிரித்து, துப்பாக்கியை எடுத்து, கட்டைவிரலை வெளுக்கும்படி அழுத்திச் சிலிண்டரைத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டிக் கொடுத்தார். ஓப்பல் தானும் ஆறு அறைகளிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

அதற்குள் ஹார்லன் கிண்ணத்தோடு வந்துவிட்டான். கறையைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"ஓப்பல், வேணாம். கீழ வை. போகலாம்."

"உன் சில்லி ஆறுது. சாப்பிடு."

அவன் போகவில்லை. ஆனால் பார்க்கவும் இல்லை. மேசையோரம் கிடந்த ஒரு நரிப்பொறியை உலகத்திலேயே முக்கியமான பொருள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

ஓப்பல் அவசரப்படவில்லை. யூட்டா மேசையில் எந்த வரிசையில் பார்ப்பாளோ அதே வரிசை. திருகுத் தலைகள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. உள்ளே யாரும் போகவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துக் குழலுக்குள் பார்த்தாள். உள்சுவரின் சுழல் வரிகள் கூர்மையாக, கண்ணாடி போல. குழலின் பின்வாயில் விரிசல் இல்லை. அதிகம் சுடப்படாத துப்பாக்கி. எப்படிச் சுடுவார்கள், திறக்கவே மாட்டேன் என்கிறதே.

"சுத்தியலை இறக்கலாமா?"

"கேட்டீங்களே, அதுவே பெரிசு. இன்னிக்குக் காலையிலேருந்து நாலு பேரு கேக்காம டக்கு டக்குன்னு அடிச்சுட்டுப் போனானுங்க."

சிலிண்டரை மூடி, சுத்தியலை மெல்ல, ஒரு நத்தையின் அவசரத்தில் பின்னுக்கு இழுத்தாள். சுத்தியல் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது. ஆறு அறைக்கும் கேட்டது. டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை இரண்டு விரலால் ஆட்டினாள். இருக்க வேண்டிய ஆட்டம், அதற்கு மேல் இல்லை. மறுபடி இழுத்து நிறுத்திய சுத்தியலைக் கட்டைவிரலால் தள்ளினாள். மலையைத் தள்ளுவது போல இருந்தது.

இனி அந்தக் கை ஒன்றுதான் பாக்கி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிலிண்டரைத் தாங்கும் கை மூடும்போது துப்பாக்கியின் உடலோடு சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். கை வளைந்திருந்தால் அந்தக் கோடு ஒரு முனையில் அகன்றிருக்கும். மண்டபத்தின் இரைச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

மேலிருந்து கீழ்வரை ஒரே தலைமுடி அளவு.

ஒரு சாட்சி போதாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக வெளிச்சம் வரும்படி பிடித்து, சுத்தியலைக் கொஞ்சமாக இழுத்து வைத்துச் சிலிண்டரை விரலால் சுற்றினாள். கை வளைந்திருந்தால் இடுக்கு ஒரு பக்கம் ஒடுங்கியே இருக்கும். ஒடுங்கவில்லை. சிலிண்டர் முரண்டு பிடித்தது உண்மை. ஆனால் சுற்றில் ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அழுத்தத்தில் பிடித்தது. முன்னாலிருந்து ஏதோ ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது.

மறுபடி திறந்து, காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பியைப் பார்த்தாள். கம்பியின் நுனி கடிபட்டிருந்தது. கம்பம் ஏறுகிறவர்களின் இடுக்கி பதிந்த குறுக்குக்கோடுகள். பெயர்ந்த உலோகம் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தது. யாரோ பலமாக, திரும்பத் திரும்ப, வலது பக்கமே திருகியிருக்கிறார்கள்.

ஓப்பல் சிரித்தாள். பெரிய சிரிப்பு. ஹார்லன் நரிப்பொறியை விட்டுத் திரும்பினான்.

"ஹார்லன், இந்தக் கம்பியை நீ எப்பவாவது திருகினியா?"

"எந்தக் கம்பி?"

"இது."

வாயில் ரொட்டியோடு குனிந்து பார்த்தான். "அது திரும்புமா?"

கத்தரியும் சவரக்கத்தியும் தவிர வேறெந்தக் கருவியையும் நம்பாத ஹார்லன் அதைக் கேட்ட விதத்திலேயே பதினான்கு வருடக் கேள்விக்குப் பதில் இருந்தது. லொனிக்கு அது சிரிப்பாக இருந்தது.

"இவரு யாரும்மா? திரும்பாம என்ன? லூசானா வலது பக்கம் இறுக்கணும். எல்லாருக்கும் தெரியும். நானே கையால ரெண்டு தடவை இறுக்கினேன். இன்னும் மோசமாச்சு. அந்தக் கடி எல்லாம் நான் வாங்கும்போதே இருந்தது."

"எல்லாருக்கும் தெரியும்கிறதுதான் சிக்கல்" என்றாள் ஓப்பல்.

அந்தக் கம்பெனியின் பழைய ரிவால்வர்களில் அந்தக் கம்பிக்கு வலது மரை, வலது பக்கம் திருகினால் இறுகும். சுடச்சுட அது தளர்ந்து நீண்டு, முன்னால் முட்டி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் அவ்வப்போது வலது பக்கம் இறுக்குவார்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்று கம்பெனியே பிறகு மரையை இடதாக மாற்றிவிட்டது. எமட்டிடம் இருந்தது அவன் அப்பாவின் பழைய ரிவால்வர். அதை அவன் தவறாமல் இறுக்குவான். ஹார்லனிடம் வாங்கிய புதியதையும் அதே அக்கறையோடு இறுக்கியிருக்கிறான். இறுக்க இறுக்க அது கழன்றிருக்கிறது. கழலக் கழல இடுக்கி எடுத்திருக்கிறான். ஒன்றும் தெரியாதவன் கையில் கிடைத்திருந்தால் இந்தத் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஹார்லன் கிண்ணத்தை நரிப்பொறிகளுக்கு நடுவில் வைத்தான். "அப்போ அந்தக் கை?"

"வளையல. நீ வித்தது நல்ல துப்பாக்கி."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

லொனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓப்பல் ரிவால்வரைத் துண்டின் மேல் திரும்ப வைத்தாள்.

"நான் இதை வாங்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதுல பழுதே இல்ல. இடது பக்கம் திருகினா புதுசு மாதிரி ஓடும். அது தெரிஞ்சுகிட்டு நாப்பத்தஞ்சுக்கு வாங்க மாட்டேன்."

"ஏம்மா, யாராவது இப்படி வியாபாரம் பண்ணுவாங்களா? வாயை மூடிட்டு வாங்கிட்டுப் போயிருக்கலாமே."

"தெரிஞ்சே மறைச்சாங்கன்னு எங்க வீட்டுக்கு ஒரு தடவை பேரு வந்தது போதும்."

லொனி தாடையைச் சொறிந்தார். "அப்படின்னா நூறு."

"தைலக் கறைக்கு அஞ்சு கழிச்சுக்குங்க."

"அது என்ன கறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கவுத்தது இவரு" என்று ஹார்லனைக் காட்டினாள்.

தொண்ணூற்றைந்து டாலர் கைமாறியது. அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கம்பியைத் தொட்டாள். அடுத்தவர் துப்பாக்கியில் கை வைக்கக் கூடாது, சரிசெய்வதற்குக்கூட. கோட்டுப் பையிலிருந்து இரண்டு காலித் தோட்டாக்களை எடுத்து, திருகும்போது உள்ளே எதுவும் முறுகாதபடி எதிரெதிர் அறைகளில் முட்டுக்குப் போட்டாள். கையுறையின் தோலைக் கம்பியில் சுற்றி இடது பக்கம் திருகினாள். அது போய்க்கொண்டே இருந்தது. நின்றதும் காலித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, சிலிண்டரை உள்ளங்கையால் மெல்ல மூடினாள். கதவு தாழ்ப்பாள் விழுகிற சத்தம். சுத்தியலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, ஒரு விரலால் சிலிண்டரைத் தட்டினாள். காற்றாடி போலச் சுற்றியது.

"ஐயோ, நூத்தம்பது கேட்டிருக்கணும்" என்றார் லொனி.

ஹார்லன் அதைக் கையில் வாங்கித் திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, "நீ கூட நம்பல இல்ல?" என்றான்.

"சந்தேகப்பட்டேன்" என்றாள் ஓப்பல்.

"கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

அவன் இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். முப்பது வருடத்தில் எப்போதாவதுதான் அப்படிச் செய்வான்.

எமட்டுக்கு ஹார்லனே எழுதினான். நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் பண்டிகை கழிந்த வாரம் பதில் வந்தது. நாலே வரி. இப்போது நன்றாக ஓடுகிறதென்றால் நடுவில் யாரோ கையை நிமிர்த்தியிருக்கிறார்கள், மற்றபடி ஓப்பல் யார் பக்கம் பேசுவாள் என்று எனக்கு அன்றே தெரியும் என்று எழுதியிருந்தான். ஹார்லன் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அந்தத் தடவை ஓப்பல் உட்கார்ந்து எழுதினாள்.

"எமட், என்னை நீ நம்ப வேணாம். உன் அப்பாவோட ரிவால்வரை எடுத்து அந்தக் கம்பியைத் திருகிப் பாரு. அப்புறம் அங்க யாருகிட்டயாவது அதே கம்பெனியோடது, 1962லயோ அதுக்கு அப்புறமோ வாங்கினது இருக்கும். கேட்டு வாங்கி அதையும் திருகிப் பாரு. காலித் தோட்டா ரெண்டு போட்டுக்கோ, இல்லேன்னா அவருதையும் கெடுத்துடுவே. அதுக்கப்புறம் உன் விரல் என்ன சொல்லுதோ அதை எழுது."

கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி முழுக்க ஒன்றும் வரவில்லை. ஹார்லன் தினமும் தபால் பெட்டி வரை பனியில் நடந்தான். கேட்டால் செய்தித்தாள் என்றான். ஓப்பல் அவனைக் கிண்டல் செய்யவில்லை. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, புதுத் தைலக் குப்பிக்கு எட்டாத இழுப்பறையில் வைத்தாள். பதில் வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எமட் பிடிவாதக்காரன்தான். ஆனால் ஒரு மரை எந்தப் பக்கம் இறுகுகிறது என்பதைத் தொட்டுப் பார்த்த பிறகு பொய் சொல்கிற ஆள் இல்லை.

"ஹார்லன்," என்று எழுதியிருந்தான் எமட். "ரெண்டையும் திருகிப் பாத்தேன். அப்பாவோடது வலது. பக்கத்து வீட்டுக்காரரோடது இடது. சாயங்காலம் பூரா அதையே மாத்தி மாத்தித் திருகிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பனிக்காலத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இறுக்கினேன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கழட்டியிருக்கேன். ஓப்பல் கையில அன்னிக்கே குடுத்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பா, நான்தான் குடுக்க விடல. அவகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. இங்க முடி வெட்டுறவனுக்குக் கத்தரி பிடிக்கவே தெரியல. இதுக்கு முன்னாடி இருந்தவனுக்கும் தெரியல. ஏப்ரல்ல வரேன். நாற்காலியைத் தொடச்சு வை. காது பக்கம் ரொம்ப எடுக்காதே."

ஹார்லன் அதை ஓப்பலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான், இரண்டு தடவை. அதற்குப் பிறகு ஹார்லனுக்கும் எமட்டுக்கும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டிய தேவை வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் ஸ்டோவருக்கு வந்து சேர்ந்தது 1978 பிப்ரவரி 9, வியாழக்கிழமை.